3215031751 பகா எண் என்கிறது என் நிரல்: எந்த அடிமானங்கள் போதும்?

பத்து நாள்களாக இந்த ஓர் எண்ணிலேயே நிற்கிறேன். பள்ளிக் கணித மன்றத்துக்காக, 12 இலக்கம் வரையுள்ள எண்களில் பகா எண் எது, பகு எண் எது என்று பிரிக்கும் நிரல் எழுதினேன். பயன்படுத்தியது மில்லர்–ராபின் சோதனை: அடிமானம் எனப்படும் சிறு எண்களை அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணால் வகுத்து, மீதி பகா எண்ணுக்கு வர வேண்டியபடி வருகிறதா என்று பார்க்கும் முறை. நான் எடுத்த அடிமானங்கள் 2, 3, 5, 7. பகா எண் என்று பதில் வந்த 3215031751-ஐ மாணவி ஒருத்தி தாளில் வகுத்துப் பார்த்து, 151-ஆல் மீதியின்றி வகுபடுகிறதே என்று காட்டினாள். அவள் சொன்னதுதான் சரி: 151 × 751 × 28351.

முதலில் சி மொழியில் எழுதியிருந்தேன். இந்த எண்ணின் வர்க்கம் குறியுள்ள 64 பிட்டுக்குள் அடங்காது என்பதால் அங்கேதான் பிழை என்று நம்பினேன். பைதானில் மாற்றி எழுதியும் அதே பதில். பிறகு கையாலேயே சரிபார்த்தேன். எண்ணில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் 1607515875, ஒற்றை எண். அந்த அடுக்குக்கு 2-ஐயும் 5-ஐயும் உயர்த்தினால் மீதி 1. 3-க்கும் 7-க்கும் மீதி −1. இந்த எண்ணுக்கு மீதி 1 அல்லது −1 (அதாவது எண்ணைவிட ஒன்று குறைவு) வந்தாலே தேறியதாகக் கணக்கு; ஆக நான்குமே முறைப்படி தேறுகின்றன! 150, 750, 28350 மூன்றும் 3215031750-ஐ வகுப்பதால் இது கார்மைக்கேல் எண் என்பதும் தெரிந்தது; அதாவது, தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணையும் தன்னைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தினால், பகா எண்ணைப் போலவே மீதி 1 தரும் பகு எண். ஆனால் கார்மைக்கேல் எண்கள் எல்லாமே இப்படித் தப்புவதில்லை. 561 அடிமானம் 2-லேயே சிக்கிவிடுகிறது. அடிமானமாக 11-ஐச் சேர்த்ததும் 3215031751-உம் சிக்கியது. அதற்காக 11 போதும் என்று மாணவர்களிடம் சொல்ல மனம் வரவில்லை.

12 இலக்கம் வரையுள்ள எந்தப் பகு எண்ணும் தப்பாது என்று நிரூபிக்கப்பட்ட அடிமானத் தொகுதி எது?