ஒரே நாளில் பாண்டிச்சேரியில் அமைதி, அல்ஜீரியாவில் போர்: ஏன்?

புதுவையான்:
1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரி நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். அதே நாளில்தான் அல்ஜீரியாவில் எஃப்.எல்.என். என்ற விடுதலை இயக்கம் முதல் தாக்குதல்களைத் தொடங்கியது. ஆண்டது ஒரே அரசு. அடக்குமுறை இங்கேயும் இருந்தது, 1936-ல் ஆலைத் தொழிலாளர்கள் 12 பேரைச் சுட்டுக் கொன்றார்களே. அங்கே மட்டும் ஏன் ஏழரை ஆண்டுப் போர்?

மணல்மேடு:
நிலம்தான். 1871-ல் மொக்ரானி என்ற தலைவர் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக நடத்திய கிளர்ச்சியை ஒடுக்கிய பிறகு, அல்ஜீரியாவின் கபிலியா மலைப்பகுதியில் லட்சக்கணக்கான ஏக்கரைப் பறித்துக்கொண்டார்கள், அதில் பெரும்பங்கு ஐரோப்பியக் குடியேறிகள் கைக்குப் போனது. பாண்டிச்சேரியில் அதிகாரிகள் கப்பலேறினால் முடிந்தது, சுற்றிலும் சுதந்திர இந்தியா வேறு. அல்ஜீரியாவிலோ பத்து லட்சம் ஐரோப்பியர்கள் அதையே சொந்த மண்ணாக நினைத்தார்கள், சட்டப்படியும் அது பிரான்சின் ஒரு பகுதி.

தெற்குவாசல்:
சரி, ஆனால் நிலம் போனதற்கும் போர் வந்ததற்கும் இடையே 83 வருடம் இருக்கிறதே. ஃபெர்ஹாத் அப்பாஸைப் பாருங்கள். பிரெஞ்சுக் கல்வி பெற்ற மருந்தாளர், அல்ஜீரிய தேசம் என்று ஒன்றை வரலாற்றில் தேடியும் காணவில்லை என்று 1936-ல் எழுதியவர், கேட்டதெல்லாம் சம குடியுரிமை. அந்தச் சமயத்தில் வந்த மசோதா இருபதாயிரத்துச் சொச்சம் முஸ்லிம்களுக்கு மட்டுமே முழு வாக்குரிமை தருவதாக இருந்தது, அதையும் குடியேறிகள் வாக்கெடுப்புக்கே வரவிடவில்லை. 1945 மே 8 அன்று செத்தீஃப் நகரில் விடுதலை கேட்டு அல்ஜீரியர்கள் போன ஊர்வலத்தின் மீது போலீஸ் சுட்டது, கலவரத்தில் ஐரோப்பியர்கள் சுமார் நூறு பேர் இறந்தார்கள், பதிலடியில் அல்ஜீரியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், அப்பாஸைச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தும் அவர் தேர்தலைத்தான் நம்பினார்! 1947 சட்டம் அல்ஜீரிய சட்டமன்றத்தில் ஏறக்குறைய 80 லட்சம் முஸ்லிம்களுக்கு 60 இடம், பத்து லட்சத்துக்கும் குறைவான ஐரோப்பியர் தரப்புக்கும் 60 இடம் என்றது. முஸ்லிம்களின் அந்த அறுபதுக்கு 1948-ல் நடந்த தேர்தலிலும் வாக்குப்பெட்டியை நிரப்பி, வேட்பாளர்களைக் கைது செய்து மோசடி செய்தார்கள். இப்படிப்பட்ட மனிதரே 1956-ல் எஃப்.எல்.என்.-இல் சேர்ந்தார், 1958-ல் அதன் தற்காலிக அரசுக்குத் தலைவரானார். கேட்ட கதவையெல்லாம் சாத்தியவர்கள்தான் போரை வளர்த்தார்கள்.

புதுவையான்:
அப்பாஸ் சேர்ந்தது 1956 என்றால், தொடங்கியவர்கள் யார்?

மணல்மேடு:
அவரைவிட இளையவர்கள், பலர் பிரெஞ்சுப் படையிலேயே சண்டை கற்றவர்கள். எஃப்.எல்.என்.-ஐத் தொடங்கியவர்களில் ஒருவரான பென் பெல்லா இத்தாலியில் மோன்தே கசினோவில் பிரான்சுக்காகப் போரிட்டுப் பதக்கம் வாங்கியவர். செத்தீஃபும் 1948 மோசடியும் அந்தத் தலைமுறையை ஆயுதத்தின் பக்கம் தள்ளின. அப்புறம் 1954 மே மாதம் தியன் பியன் பூவில் வியட்நாமியர்களிடம் பிரான்ஸ் தோற்றது. அதே ராணுவத்தை வெல்ல முடியும் என்று அன்றைக்கு அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள், ஆறே மாதத்தில் நவம்பர் 1 வந்தது.