4294967297: இந்த 64 எங்கிருந்து வருகிறது?

வணக்கம். மூன்று நாளாக இந்த ஒரே எண்ணோடு மல்லுக்கட்டுகிறேன். 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் 4294967297. கணிதர் ஃபெர்மா இதைப் பகா எண் என்றே நம்பினார். 1732-இல் இன்னொரு கணிதர் ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்துவிட்டார்.

பெருக்கிச் சரிபார்த்தேன், சரி. ஆனால் இதன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்குமாம். அப்படியென்றால் அந்த வடிவிலுள்ள பகா எண்களை மட்டும் வரிசையாக வகுத்துப் பார்த்தால், 193, 257, 449, 577-க்குப் பின் ஐந்தாவதாகவே 641 மாட்டிக்கொள்ளும்! 6700417-உம் அதே அச்சுதான்: 64 × 104694 + 1.

ஏன் 64? 2-இன் 64-ஆம் அடுக்கைக் காரணியால் வகுத்தால் மீதி 1 என்பதுவரை புரிகிறது. அதற்கு அப்புறம் தடுமாற்றம். பத்தாம் வகுப்பு மகளுக்குச் சொல்ல வேண்டும். குலக் கோட்பாடு (group theory என்னும் உயர்கணிதம்) இல்லாமல் யாராவது விளக்குவீர்களா?