பெண்ட் பைப் நட்டு அடிக்கடி கழன்று விழுகிறது, என்னதான் செய்வது?

கல்லுக்காரன் (ஆத்தங்குடி):

எல்லோருக்கும் வணக்கம். ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை ஒன்றில் வெளிவேலை எனக்கு. வீடு கட்டுகிறவர்களிடம் மாதிரிக் கல்லைக் காட்டி ஆர்டர் வாங்கி வரவேண்டும். பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று நாள் முழுக்கச் சுற்றுவேன். வண்டி 125 சிசி, பதினோரு வயது. பின்னால் பன்னிரண்டு கல், வைக்கோல் வைத்துக் கட்டியிருப்பேன்.

எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகிற வளைந்த குழாய்தான் பெண்ட் பைப். அதைச் சிலிண்டர் ஹெட்டில் பிடிக்கிற இரண்டு நட்டில் இடப்பக்கத்து நட்டு மட்டும் கழன்று விழுந்துகொண்டே இருக்கிறது. இந்தத் தை மாதத்திலிருந்து மூன்று முறை. முதல்முறை குன்றக்குடி மலையடிவாரத்தில். இரண்டாவது எங்கே விழுந்தது என்றே தெரியாது. மூன்றாவது கானாடுகாத்தானில், அதுவும் இரண்டு பக்கமும் பெரிய வீடுகள் இருக்கிற தெருவுக்குள். சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி வருகிறது. நான் பார்க்கப் போன வீட்டு ஆச்சி வாசலுக்கே வந்து, "ஏப்பா, கல்லு விக்க வந்தியா, வெடி விக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டார்கள். ஆர்டர் கிடைத்தது, அது வேறு விஷயம்.

இதுவரை செய்தது: புது நட்டு, அதற்கு ஸ்பிரிங் வாஷர். அது நிற்கவில்லை என்று பைப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கிற பேக்கிங் வளையத்தை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். அப்புறம் 10-ம் நம்பர் ஸ்பேனரில் குழாயைச் செருகி ஏறினமட்டும் ஏற்றினேன். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. ஆக்சிலேட்டரை விட்டால் பட் பட் என்று வெடிக்கிறது. ஹெட் பக்கம் கரி படிந்திருக்கிறது. நிரந்தரமாக நிற்க என்ன வழி?

சிவகங்கை 150:

நைலான் வைத்த லாக் நட்டு போடுங்கள் அண்ணே. என் வண்டியில் நம்பர் பிளேட்டு, மட்கார்டு எல்லாவற்றுக்கும் அதுதான். ஒன்றுகூட அசைந்ததில்லை.

பழைய ஸ்பேனர் (தேவகோட்டை):

நம்பர் பிளேட்டுக்குச் சரி, சைலன்சர் வாய்க்கு ஆகாது. அந்த நைலான் வளையம் 120 டிகிரி வரைதான் தாங்கும். ஹெட்டோரம் ஒரு நாள் ஓடினால் உருகி வழிந்துவிடும், பிறகு அது சாதா நட்டு. மரையில் தடவுகிற நீலநிறத் திரெட் லாக்கர் பசையும் அப்படித்தான், அதன் எல்லை 180 டிகிரி. ஸ்பிரிங் வாஷர் அந்தச் சூட்டில் விறைப்பு போய் வெறும் தகடாகிவிடும். முப்பது வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறேன், அந்த இடத்தில் ஸ்பிரிங் வாஷரை நம்பியதில்லை.

தம்பி, இரண்டு பேக்கிங் போட்டது பெரிய தப்பு. பேக்கிங் சூடாகிச் சூடாகி நசுங்கும். ஒன்று நசுங்கினாலே நட்டின் பிடி குறையும், இரண்டு என்றால் இரட்டிப்பாகக் குறையும். குழாய் போட்டு ஏற்றியது அதைவிடத் தப்பு. நட்டு ஏறுகிற அந்த மரைக்கம்பி 6 எம்எம் ஸ்டட். 10 நியூட்டன் மீட்டர் இறுக்கம்தான் அதற்கு. உங்கள் வண்டிக் கையேட்டில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் ஸ்டட் இழுபட்டு நீளும், இல்லையென்றால் ஹெட்டில் மரை போகும். ஹெட் அலுமினியம் என்பதை மறக்கக் கூடாது.

ஆனால் நட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். ஏன் எப்போதும் இடப்பக்கமே கழல்கிறது என்று யோசித்தீர்களா? சைலன்சரைப் பின்னால், ஃபுட்ரெஸ்ட் பக்கம் பிடிக்கிற போல்ட்டை ஒருமுறை பாருங்கள். வண்டியை நிறுத்தி, ஆறவிட்டு, சைலன்சர் வாலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். என்ன நடக்கிறது என்று எழுதுங்கள்.

மரைக்கணக்கு (காரைக்குடி):

பழைய ஸ்பேனர் அண்ணன் சொல்கிற திசை சரி. அழகப்பா இன்ஜினியரிங் கல்லூரியில் எங்களுக்கு இதை நடத்தினார்கள். 1969-ல் ஜெர்மனியில் யுங்கர் என்ற பொறியாளர் சோதித்துக் காட்டிய விஷயம்: போல்ட்டின் நீளவாக்கில் வருகிற ஆட்டத்தைவிட, பக்கவாட்டில் வருகிற ஆட்டம்தான் நட்டைக் கழற்றும். இறுக்கிய இரண்டு பொருள்கள் ஒன்றின்மேல் ஒன்று துளி வழுக்கினால் போதும், மரைக்குள் உராய்வு விட்டுப்போய் நட்டு தானாகத் திரும்பத் தொடங்கும். எனவே பைப் ஏன் பக்கவாட்டில் ஆடுகிறது என்பதுதான் கேள்வி. ரேஸ் வண்டிகளில் நட்டில் துளை போட்டு ஸ்டீல் கம்பியை முறுக்கிக் கட்டுவார்கள். அது நட்டு விழாமல் காக்கும், பைப் ஆடுவதை நிறுத்தாது.

இன்னொன்று, ஸ்டட் துருப்பிடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். துரு ஆராய்ச்சியும் செய்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு துருவோடு வண்டி ஓட்டக் கூடாது.

கல்லுக்காரன்:

ஆட்டிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

போன மார்கழியில் கல் வைப்பதற்காக வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பில் ஒரு கேரியர் அடித்து வாங்கினேன். யோசனை முழுக்க என்னுடையது, பட்டறைக்காரர் சொன்னபடி செய்துகொடுத்தார். அதன் ஒரு காலைப் பிடிக்கத் தனி இடம் இல்லையென்று சைலன்சரின் பின்பக்க போல்ட்டிலேயே சேர்த்து மாட்டச் சொன்னேன். இடையில் இருந்த ரப்பர் புஷ் இடம் அடைத்ததால் அதைக் கழற்றி டூல்ஸ் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். இன்னும் அங்கேதான் கிடக்கிறது, எடுத்துப் பார்த்தேன். ஆங்கிளின் கனம் போக போல்ட்டு நட்டுக்குள் இரண்டே மரைதான் ஏறியிருக்கிறது. நேற்று விரலாலேயே திருக முடிந்தது.

அதாவது மார்கழியில் கேரியர், தையில் முதல் நட்டு. கணக்கு நேராக இருந்திருக்கிறது, நான்தான் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய ஸ்பேனர்:

நினைத்தேன். கல்லின் கனம் முழுவதும் வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் சைலன்சர் வாலை அழுத்தியிருக்கிறது. வாலை அழுத்தினால் நெம்புகோல் மாதிரி பைப்பின் தலை ஹெட்டில் நெளியும். அந்த நட்டு இத்தனை நாள் தாங்கியதே பெரிது.

கேரியர் காலை அந்த போல்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். சேஸில் தனியாக ஒரு கிளாம்ப் போட்டு அங்கே பிடிக்கட்டும். ரப்பர் புஷ் பழசு, வெடித்திருந்தால் புதிது வாங்குங்கள், பெரிய காசில்லை.

முன்பக்கம் இப்படிச் செய்யுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பழைய பேக்கிங் இரண்டையும் சுரண்டி எடுங்கள். ஒன்று உள்ளேயே ஒட்டியிருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டட்டைக் கையால் திருகிப் பாருங்கள். அதுவே ஹெட்டில் ஆடினால் நிறுத்திவிட்டு லேத் பட்டறைக்குப் போங்கள், ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் மரை போட்டுத் தருவார்கள். ஸ்டட் நன்றாக இருந்தால் கம்பி பிரஷ்ஷால் துடைத்து, புது பேக்கிங் ஒன்றே ஒன்று வைத்து, முன்நட்டு இரண்டையும் விரலால் ஏற்றுங்கள். பின் போல்ட்டையும் விரலாலேயே. பைப் தானாக உட்கார்கிற இடத்தில் உட்காரட்டும், இழுத்துப் பிடித்து மாட்டக் கூடாது. பிறகு முன்நட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கால் சுற்றாக ஏற்றி முடியுங்கள். பின் போல்ட்டு கடைசியில்தான். பலர் அதைத்தான் முதலில் இறுக்குகிறார்கள், அப்போதே பைப்புக்குள் ஒரு முறுக்கு ஏறிவிடுகிறது.

நட்டுக்குப் பித்தளை கேளுங்கள், ஸ்டட்டோடு சேர்ந்து துருப்பிடித்து இறுகாது. பித்தளை கிடைக்கவில்லை என்றால் வாய் நசுக்கிய முழு இரும்பு லாக் நட்டு. அதில் நைலான் கிடையாது, சூட்டுக்குப் பயமில்லை. ஸ்டட்டில் காப்பர் கிரீஸ் தடவினால் இறுக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், கிரீஸ் இருந்தால் அதே கைவிசைக்கு அதிகமாக ஏறிவிடும்.

ஒரு நாள் ஓட்டி, இரவு ஆறவிட்டு, காலையில் மறுபடி ஸ்பேனர் வையுங்கள். பேக்கிங் நசுங்கிய அளவுக்கு ஏறும். இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். நட்டிலும் ஸ்டட் முனையிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், நட்டு நகர்ந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும்.

சிவகங்கை 150:

நான் நைலான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அண்ணே.

கல்லுக்காரன்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கேரியர் கால் சேஸில் போய்விட்டது. பின்னால் புது ரப்பர் புஷ், முன்னால் பித்தளை நட்டு. உள்ளே ஒட்டியிருந்தது இரண்டு பேக்கிங் இல்லை, மூன்று! எனக்கு முந்தின கைங்கரியம் யாருடையதோ. முதல் நாள் காலையில் இடப்பக்கம் கால் சுற்று ஏறியது, இரண்டாம் முறை துளி, மூன்றாம் முறை ஸ்பேனர் அசையவே இல்லை. அன்றைக்குத்தான் வெள்ளைக் கோடு போட்டேன். நேற்று கானாடுகாத்தானில் அதே ஆச்சி வீட்டுக்கு மீதிக் கல்லுக்கு அளவெடுக்கப் போயிருந்தேன். வண்டியை நிறுத்தியதும் குனிந்து பார்த்தேன், கோடு முறியவில்லை. வண்டி வந்ததே கேட்கவில்லை போல, கதவைத் தட்டித்தான் கூப்பிட வேண்டியிருந்தது.