லேஸ் பிரா: நடுத்துண்டு தூக்கி நிக்குது, வயர் கமக்கட்டில குத்துது, என்ன பிழை?

வெள்ளவத்தை ஊசி:

சாறி பிளவுஸ், சல்வார் தைக்கத் தெரியும். பிரா இதுதான் முதல் தரம். எனக்கு ஒண்டு முடிச்சாச்சு. சிநேகிதிகள் ரெண்டு பேருக்கு வெட்ட முதல் இதில இருக்கிற பிழைகளைத் திருத்த வேணும்.

மார்புக்குக் கீழ்ச் சுற்று 30 அங்குலம், நிறைஞ்ச இடத்தில 35. கடையில வாங்கிறது 34 பி, பற்றனும் அதே அளவிலதான் எடுத்தது. 18 செ.மீ அகலமான பூ விளிம்பு ஸ்ரெச் லேஸ். கப், ரெண்டு கப்புக்கும் இடையில வாற நடுத்துண்டு, கப்புக்குக் கீழ வாற பிரேம் எல்லாம் அந்த லேஸ்தான், ஒரே அடுக்கு, உள் துணி இல்லை. கப்பில இருந்து கொளுக்கிவரைக்கும் போற பின்பக்க விங், பவர்நெட் எண்ட இழுபடுற வலைத் துணி.

நடுத்துண்டு நெஞ்சில படாமல் ஒரு விரல் போற அளவு தூக்கி நிக்குது. மேல் கப் விளிம்பு வாய் திறந்து நிக்குது. இடப்பக்க வயர் ரெண்டாம் நாளே கமக்கட்டுப் பக்கம் துளைச்சு வெளிய வந்திட்டுது. பவர்நெட்டில தையல் விட்டு விட்டு விழுது. கப்பைக் குறைச்சு வெட்டினால் விளிம்பு சரிவருமா?

கொட்டாஞ்சேனைத் தையல்:

கப்பைக் குறைக்காதேங்கோ, கூட்ட வேணும்.

கீழ்ச் சுற்றோட 4 அங்குலம் கூட்டிப் பட்டி அளவு (34 பியில வாற 34) பார்க்கிற பழைய கணக்கு, இழுபடுற பவர்நெட்டுக்குப் பொருந்தாது. 35இல 30 போனால் 5. வித்தியாசம் ஒரு அங்குலம் எண்டால் ஏ, 2 பி, 3 சி, 4 டி, 5 டிடி. நீங்கள் 30 டிடி. பட்டி ஒரு அளவு ஏற கப் எழுத்து ஒண்டு இறங்கும், கொள்ளளவு மாறாது: 30 டிடி, 32 டி, 34 சி மூண்டும் ஒரே கப். ஆக உங்கட 34 பியில பட்டி ரெண்டு அளவு பெரிசு, கப் ஒரு அளவு சின்னன்.

கப் சின்னன் எண்டால் மார்பு உள்ளுக்குப் போக இடமில்லாமல் நடுத்துண்டை முன்னுக்குத் தள்ளும். பட்டியும் தளர்வு, அதால இழுத்துப் பிடிக்க ஒண்டும் இல்லை. விளிம்பு வாய் திறக்கிறதும் இதே காரணம்தான். வயர் விலா எலும்பில இருக்காமல் சதைக்கு மேல ஏறி நிண்டால் மேல் கப்புக்குள்ள ஒண்டும் வராது, அது வெறுமையாத் தொங்கும். கனபேர் அதைப் பார்த்திட்டு கப் பெரிசாப் போச்சு எண்டு குறைப்பினம், அடுத்தது இன்னும் மோசமா வரும். அதே கப் உள்ள 32 டியை மலிவான துணியில வெட்டி, வயரும் போட்டு, ஒரு பக்கத் தோள்பட்டியும் வைச்சுப் பாருங்கோ. முன்னுக்குக் குனிஞ்சு மார்பைக் கையால கப்புக்குள்ள அள்ளிவிட்டு நிமிர்ந்த பிறகுதான் தீர்ப்புச் சொல்ல வேணும். மாதிரிக்கு எடுக்கிற துணியின்ர இழுவை கடைசித் துணியின்ர இழுவையாய் இருக்க வேணும், பருத்தித் துணியில மாதிரி தைச்சுப் பிரயோசனம் இல்லை.

அளவு சரிவந்தாலும் உங்கட லேஸ் விடாது. நடுத்துண்டும் பிரேமும் அசையக் கூடாத இடங்கள், வயரை அதுகள்தான் வடிவத்தில பிடிச்சு வைக்கிறது. அங்க ஸ்ரெச் லேஸைத் தனியப் போட்டால் பட்டியை மாட்டின உடன லேஸ் அகலும், வயர் விரியும், கப் தட்டையாகும். இழுபடாத உள் துணி ஒண்டு கட்டாயம். கொழும்பில லேசாக் கிடைக்கிறது ஓர்கன்சா எண்ட மெல்லிய விறைப்பான துணி. நேர் இழையில அது இழுபடாது, குறுக்குச் சரிவில இழுபடும், அதால நடுத்துண்டின்ர இடவல அகலம் நேர் இழையில வாற மாதிரி வெட்டுங்கோ.

முதல்ல ஓர்கன்சாவைப் பற்றன் அளவுக்கு வெட்டிப் போட்டு, அதுக்கு மேல லேஸை இழுக்காமல், சும்மா படுக்க விடுங்கோ. விளிம்பில இருந்து 3 மி.மீ உள்ளுக்குக் கையால நூலோட்டிப் போட்டு, அதுக்குப் பிறகு லேஸை ஓர்கன்சாவின்ர வெட்டோட சேர்த்து வெட்டுங்கோ. ரெண்டையும் தனித்தனியா வெட்டிப் பிறகு சேர்க்கப் பார்த்தால் லேஸ் எப்பவும் 2, 3 மி.மீ கூடித்தான் நிக்கும். ஒட்டுத் துணி வைச்சு அயன் பண்ணுற யோசனை வேண்டாம், நைலோன் லேஸ் உருகும்.

கீழ்க் கப்புக்கும் மெல்லிய இழுபடாத உள் துணி வேணும், பாரம் தாங்கிறது அதுதான். மேல் கப் லேஸ் தனிய இருக்கலாம்.

நூல்கண்டு:

வயர் வெளியே வந்தது தனிக் கதை. துணியின் குற்றம் இல்லை, வயருக்கு ஓட இடம் விடவில்லை.

வயர் போகிற கேசிங் நாடாவின் உள்ளே வயரின் இரண்டு முனையிலும் 6 முதல் 8 மி.மீ வெறும் இடம் இருக்க வேண்டும். உட்கார்ந்து எழும்பும்போது வயர் விரிந்து சுருங்கும், இடம் இல்லாவிட்டால் முனை தையலையே குத்திக்கொண்டிருக்கும். வயரின் வளைவை அளவு நாடாவை நிமிர்த்திப் பிடித்து அளந்து பாருங்கள். 22 செ.மீ வயர் என்றால் இரண்டு மூடு தையலுக்கும் நடுவே 23.2 முதல் 23.6 செ.மீ. இடம் போதாவிட்டால் அடுத்த குட்டை வயரை எடுங்கள். வயரை வெட்ட வேண்டி வந்தால் முனையை அரத்தால் மழுக்கி, வயர்மேன்மார் பாவிக்கிற சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழாயைப் போட்டு மூடுங்கள். நகப் பூச்சு காணாது, உரிந்துவிடும்.

இன்னொன்று, வயர் கப் எழுத்துக்கு எடுப்பதில்லை, மார்பின் அடிக்கோட்டுக்கு எடுப்பது. பிரா இல்லாமல் கண்ணாடி முன் நின்று வெறும் வயரை மார்பின் கீழ் மடிப்பில் வைத்துப் பாருங்கள். கமக்கட்டுப் பக்க முனை சதையில் ஏறாமல், மார்பு முடிகிற இடத்துக்குச் சற்று வெளியே நிற்க வேண்டும். ஒரே அளவு எழுதின வயரே கடைக்குக் கடை அகலம் மாறும், ஆகவே வாங்கினதும் கடதாசியில் அதன் கோட்டைக் கீறிப் பற்றனின் வயர் கோட்டோடு பொருத்திப் பார்க்காமல் துணியில் கை வைக்காதீர்கள்.

மட்டக்குளி ஓவர்லொக்:

தையல் விடுறது ஊசியால. பிளவுஸுக்குப் போடுற சாதா ஊசியைக் கழட்டிட்டு ஸ்ரெச் ஊசி 75/11 போடுங்க. அதுல கண்ணுக்குப் பின்னால பள்ளம் ஆழமா இருக்கும், பவர்நெட் ஊசியோட சேர்ந்து மேல எழும்பினாலும் கீழ இருக்கிற கொக்கி நூலைப் பிடிச்சிடும். நூல் 120ஆம் நம்பர் பொலியெஸ்டர். பருத்தி நூல் இழுத்தா அறும். லேஸ் தொடக்கத்துல மெசினுக்குள்ள போய் மாட்டுதுன்னா, ரெண்டு நூல் நுனியையும் பின்னால பிடிச்சிட்டு, அடியில மெல்லிய கடதாசி வச்சுத் தைங்க. பிறகு கிழிச்சிடலாம்.

ஓர்கன்சா பத்தி எனக்கு வேற அபிப்பிராயம். வெட்டின விளிம்பு முள்ளு மாதிரி, வியர்க்கிற உடம்புல சொறியும். இழுபடாத மெல்லிய நைலோன் ட்ரைகொட் (பின்னல் துணி) கிடைச்சா அதைத்தான் போடணும். புறக்கோட்டையில கெய்சர் வீதி, குறுக்குத் தெருப் பக்கம் பெயர் சொல்லிக் கேட்டா விளங்காது, பழைய பிரா ஒண்டை வெட்டி அந்தத் துண்டைக் காட்டுங்க. மகரகம பமுனுவவுல எக்ஸ்போர்ட் மிச்சம் வரும், ஆனா அதே நிறம் அடுத்த முறை இருக்காது. மூணு பேருக்கும் ஒரே தரம் வாங்கிடுங்க.

பவர்நெட்டைக் கடையிலயே சோதிக்கலாம். 10 செ.மீயைப் பிடிச்சு இழுங்க, 14, 15க்கு வந்து நிக்கணும், விட்டா திரும்ப 10க்கு வரணும். 10.5ல நிண்டா வாங்காதீங்க, ஒரு மாசத்துல பட்டி தொங்கும். தோள்பட்டி வளையம், சிலைடர் ரெண்டும் நைலோன் பூச்சுப் போட்டதா எடுங்க. வெறும் இரும்பு நம்ம ஊர் வியர்வைக்கும் கடல் காத்துக்கும் துருப்பிடிச்சு லேஸ்ல கறை வைக்கும்.

வெள்ளவத்தை ஊசி:

எல்லாருக்கும் நன்றி. 32 டி மாதிரி வெட்டி வைச்சுப் பார்த்தால் நடுத்துண்டு படுது! இன்னும் மூண்டு கேள்வி. கீழ் இலாஸ்டிக் அலையலையா நிக்குது, ஏன்? சிநேகிதிகளில ஒராள் பால் குடுக்கிற தாய், மற்றவ கீழ்ச் சுற்று 38, நிறைஞ்ச இடம் 44. ரெண்டு பேருக்கும் இதே பற்றன் காணுமா? காலிப் பக்கத்தில கையால பின்னுற பீரளு லேஸ் ஒரு துண்டு கிடக்குது, அதை மேல் கப்புக்குப் போடலாமா?

கொட்டாஞ்சேனைத் தையல்:

அலை வாறது இலாஸ்டிக்குக்குப் பதிலாத் துணியை இழுத்துத் தைச்சதால. பிரேமுக்குக் கீழ இலாஸ்டிக்கை இழுக்கவே கூடாது, படுக்க வைச்சுத் தைக்க வேணும். இழுவை முழுக்க விங்கிலதான். விங்கின்ர கீழ் விளிம்பு 20 செ.மீ எண்டால் அதுக்கு 17.5 செ.மீ இலாஸ்டிக், நடுவில குண்டூசியால அடையாளம் வைச்சு ரெண்டு பாதியிலயும் ஒரே அளவு இழுவை.

தைக்கிறது ரெண்டு ஓட்டம். முதல் ஓட்டத்துக்கு இலாஸ்டிக்கைத் துணியின்ர நல்ல பக்கத்தில வையுங்கோ. மெத்தென்ற பக்கம் உங்களைப் பார்க்க வேணும், பல்லு விளிம்பு மார்பின்ர பக்கம் திரும்பி இருக்க வேணும், மற்ற விளிம்பு துணியின்ர வெட்டோட சமன். பல்லுக்கு ஒரு மி.மீ பக்கத்தில சின்னச் சிக்சாக், அகலம் 2.5, நீளம் 2.5. இப்ப இலாஸ்டிக்குக்கு அடியில இருக்கிற துணியைத் தையல்வரைக்கும் ஒட்ட வெட்டி எறியுங்கோ. இதை வெட்டாமல் விட்டால் திருப்பின பிறகு தடிப்பா உருண்டு நிண்டு தோலை அழுத்தும். பேந்து இலாஸ்டிக்கை உள்ளுக்குத் திருப்பினால் பல்லு மட்டும் வெளியால தெரியும், மெத்தென்ற பக்கம் தோலில படும். நல்ல பக்கத்தில இருந்து மூண்டு அடிச் சிக்சாக், அகலம் 5, நீளம் 1. இந்த ரெண்டாம் ஓட்டத்தில இலாஸ்டிக்கைத் தனிய இழுக்கத் தேவையில்லை, விங் தட்டையா விரியிற அளவுக்கு மட்டும் பிடிச்சால் காணும். கை கூட இழுத்தால் ஊசி வளைஞ்சு தட்டில பட்டு முறியும்.

பீரளு போடலாம், ஆனால் ரெண்டு விசயம். அது பருத்தி, முதல் தண்ணியில சுருங்கும், அதால நனைச்சுக் காயவிட்டுத்தான் வெட்ட வேணும். சந்தையில வாற ஸ்ரெச் லேஸை எங்க வெட்டினாலும் லேசில பிரியாது, பீரளு அப்பிடியில்லை, கைப்பின்னல் முழுக்கக் கழண்டுவிடும். வெட்டுற கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நெருக்கமான சிக்சாக் ஓடவிட்டு, அதுக்குப் பிறகு கத்தரிக்கோல் வையுங்கோ. இழுபடாத லேஸ் எண்டபடியால் மேல் மார்பு நிறைஞ்சவைக்கு அது விளிம்பில வெட்டும்.

நேர் விளிம்பு லேஸ் எது போட்டாலும், பற்றனில மேல் கப் விளிம்பு வில்லு மாதிரி வளைஞ்சு இருந்தால் முதல்ல நேராக்க வேணும். பூ விளிம்பு வளைவில படுக்காது. நேராக்கேக்க போற துணியைக் கப்பின்ர நடுத் தையல் பக்கம் கூட்டுங்கோ. ரெண்டு கப்புக்கும் பூ எதிரெதிரா வாறதுக்கு ஒரு பூ வரிசை நீளம் மேலதிகமா வாங்க வேணும். ஒருவருக்கு 1.5 மீற்றர் லேஸ் எண்டால் பெரும்பாலும் காணும். அதுக்குப் பிறகும் விளிம்பு கொஞ்சம் தளர்ந்தால் 6 மி.மீ கண்ணாடி இலாஸ்டிக்கை (நிறமில்லாத ஒளி ஊடுருவுற இலாஸ்டிக்) விளிம்பை விட அரை செ.மீ குறைச்சு வெட்டி, பூவுக்குப் பின்னால மெல்லிய சிக்சாக்கில பிடிச்சுவிடுங்கோ.

நூல்கண்டு:

பால் கொடுப்பவருக்கு இப்போது வயர் வேண்டாம். காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு, வயர் அழுத்தினால் பால் கட்டக்கூடும். ஸ்ரெச் லேஸும் பருத்தி ஜேர்சி உள் துணியும் வைத்து வயரில்லாதது, கொளுக்கி மூன்று வரிசை நீளம் உள்ளதாகப் போட்டால் பட்டியை மாற்றிக்கொள்ளலாம். பருத்தி ஜேர்சி தடிப்பானது, கப்பின் ஆழத்தைக் கொஞ்சம் தின்னும், ஓரிரு மி.மீ கூட்டி வெட்டுங்கள்.

38க்கும் 44க்கும் வித்தியாசம் 6, இங்கிலாந்துக் கணக்கில் 38 இ. அதே பற்றனை அகட்டாதீர்கள். கமக்கட்டுப் பக்கமாக நீளத் துண்டு ஒன்று வைத்த மூன்று துண்டுக் கப் வேண்டும், அந்தத் துண்டு மார்பை உள்ளே தள்ளும். தோள்பட்டி 18 மி.மீ, கீழ் இலாஸ்டிக் 15க்கு மேல், பின்னால் மூன்று கொளுக்கி. அளக்கும்போது மெத்தை வைத்த பிராவோடு அளக்காதீர்கள். நாடா முதுகில் கீழே சரியாமல் நிலத்துக்குச் சமனாக இருக்கிறதா என்று பின்னால் போய்ப் பாருங்கள்.

வெள்ளவத்தை ஊசி:

கேசிங் முனையை மூடேக்க ஊசி வயரில பட்டு முறியுது, அதுக்கு?

மட்டக்குளி ஓவர்லொக்:

நெஞ்சுப் பக்க முனையை முதல்ல மூடிடுங்க, பிறகு கமக்கட்டுப் பக்கத்தால வயரை விடுங்க. விட்டதும் வயரை விரலால நெஞ்சுப் பக்கம் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, கமக்கட்டு முனையில சிக்சாக் அகலம் 3, நீளம் 0.3. முதல் அஞ்சாறு குத்து மெசின் சில்லைக் கையால சுத்துங்க, பெடல் வேண்டாம்.