சிங்க்திங் ஓயாம டிஸ்க்கைப் படிக்குது, கில் பண்ணாலும் திரும்ப வருது. என்ன செய்ய?

ஓலைச்சுவடி:

வணக்கம். லேப்டாப்புக்கும் டெஸ்க்டாப்புக்கும் நடுவுல என் வேலை ஃபோல்டரை சிங்க்திங்ங்குற சாஃப்ட்வேர் வச்சு சிங்க் பண்றேன், ரெண்டுலயும் ஒரே ஃபைல்கள் இருக்குற மாதிரி. ரெண்டுலயும் உபுண்டு லினக்ஸ்தான். இத்தனை காலம் அது ஓடுறதே தெரியாம ஓடிட்டிருந்துச்சு. இப்ப லேப்டாப்ல ஃபேன் சத்தம் நிக்கவே மாட்டேங்குது.

ஓடுற பிராசஸையெல்லாம் காட்டுற டாப் கமாண்டைப் போட்டுப் பாத்தா சிங்க்திங்னு ரெண்டு பிராசஸ் இருக்கு. ஒண்ணு சும்மா உக்காந்திருக்கு. இன்னொண்ணு சிபியு 300 சதவீதத்துக்கு மேல. டிஸ்க் ரீட் உச்சத்துல இருக்கு, ஆனா நெட்வொர்க்ல போறது ரொம்பக் கொஞ்சம். எதையும் அனுப்பலைன்னா எதைத்தான் இப்படிப் படிக்குது?

கில் -9 போட்டு வலுக்கட்டாயமா நிறுத்தினா உடனே எந்திரிச்சு வந்துடுது. ரெண்டுல ஒண்ணு மால்வேரா இருக்குமோன்னு கூட சந்தேகம். ஃபோல்டர் மொத்தம் 120 ஜிபி கிட்ட இருக்கும். டாக்குமென்ட், கோட், சில பெரிய ஃபைல்கள். ஃபோல்டரை மறுபடி சோதிக்கிற ரீஸ்கேன் இடைவெளி 3600 நொடின்னு போட்டிருக்கு. அதை ஒரு நாளைக்கு ஒரு தடவைன்னு மாத்தினா அடங்குமா?

தறிகெட்டவன்:

அன்இன்ஸ்டால் பண்ணிட்டு குறிச்ச நேரத்துல வேலையை ஓட்டுற க்ரான்ல, ஃபைல் காப்பி பண்ற ஆர்சிங்க் கமாண்ட் ஒரு வரி போடுங்க பாஸ். ராத்திரி ஒரு தடவை ஓடும், பகல்ல நிம்மதி.

பழைய_அட்மின்:

தறிகெட்டவன் தம்பி, ரெண்டு பக்கமும் எடிட் பண்றவங்களுக்கு ஆர்சிங்க் சரிப்படாது. அது ஒருவழிப் பாதை. லேப்டாப்ல ஒண்ணு, டெஸ்க்டாப்ல ஒண்ணு மாத்தினா, கடைசியா எந்தப் பக்கத்துலேருந்து ஓட்டுனீங்களோ அதுதான் நிக்கும். மத்ததுக்குத் திதிதான்.

ஓலைச்சுவடி, மால்வேர் பயத்தை விடுங்க. சிங்க்திங் ஓடுறதே ரெண்டு பிராசஸாத்தான். ஒண்ணு மேஸ்திரி, இன்னொண்ணு வேலையாள். வேலையாள் விழுந்தா மேஸ்திரி திரும்ப எழுப்பி விடும். ரெண்டையும் சேத்துக் கொன்னாலும், லினக்ஸ்ல சர்வீஸ்களை ஓட்டுற சிஸ்டம்டி வழியா ஓடுதுன்னா அது "கோளாறுல செத்துட்டான்"னு நினைச்சு மறுபடி ஸ்டார்ட் பண்ணும். கில் -9 போட்டா அப்படித்தான் கணக்கு. நிறுத்தணும்னா சிஸ்டம்டி கிட்ட சர்வீஸை ஸ்டாப் பண்ணச் சொல்லுங்க. இல்லேன்னா பிரவுசர்ல 8384 போர்ட்ல வர்ற பக்கத்துல அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் தற்காலிகமா நிறுத்தி (Pause) வைங்க. அதுவே போதும்.

இடைவெளியை மாத்துறதால எதுவும் ஆகாது. மணிக்கொரு தடவை நடக்குற ரீஸ்கேன் ஃபைலுக்குள்ள இருக்குறதைப் படிக்கிறதே இல்லை. ஒவ்வொரு ஃபைலோட அளவும், மாத்தின நேரமும் போன தடவை மாதிரியே இருக்கான்னு மட்டும் பாக்கும். இருந்தா தாண்டிப் போயிடும். மாறியிருக்குற ஃபைலை மட்டும்தான் திறந்து, முதல் பைட்லேருந்து கடைசி வரைக்கும் படிச்சு ஹாஷ் போடும், அதாவது உள்ள இருக்குறதுக்கு ஒரு கைரேகை மாதிரி எடுத்து வச்சுக்கும். போதாக்குறைக்கு ஃபைல் சிஸ்டம் வாட்சர்னு ஒண்ணு எப்பவும் முழிச்சிருக்கு. ஏதாவது மாறினா 10 நொடி பொறுத்துட்டு அந்த ஃபைலை ஸ்கேன் பண்ணச் சொல்லும், 3600 நொடிக்கெல்லாம் காத்திருக்காது.

அப்ப உங்க அறிகுறிக்கு அர்த்தம் என்ன? டிஸ்க் ரீட் நிறைய, சிபியு நிறைய, நெட்வொர்க் கொஞ்சம். ஒரு பெரிய ஃபைல்ல ஓரமா ஒரு துளி அடிக்கடி மாறிட்டே இருக்கு. அந்தத் துளியைக் கண்டுபிடிக்க முழு ஃபைலையும் ஒவ்வொரு தடவையும் படிக்குது. அனுப்புறது துளியை மட்டும். டாப்ல ஒரு கோருக்கு 100 சதவீதம்னு கணக்கு. 300 வரைக்கும் போறதுக்கு அதே நேரத்துல வேற ஃபைலுக்கும் ஹாஷ் போடுறது காரணமா இருக்கலாம். லினக்ஸ்ல சிங்க்திங், ஃபைலுக்கு ஒரு கோர்னு, இருக்குற கோர் அத்தனையையும் ஹாஷ் போட எடுத்துக்கும். விண்டோஸ்லயும் மேக்லயும் ஃபோல்டருக்கு ஒரு ஹாஷரோட நிறுத்திக்கும்.

எந்த ஃபைல்னு கண்டுபிடிக்கிறது கஷ்டமில்லை. ஃபேன் கத்தும்போது, அதிகம் தின்னுற பிராசஸோட நம்பரை எல்எஸ்ஓஎஃப் கமாண்டுக்குக் குடுங்க. அது திறந்து வச்சிருக்குற ஃபைலெல்லாம் வரிசையா வரும். சாக்கெட், சிங்க்திங்கோட சொந்த டேட்டாபேஸ் எல்லாத்தையும் விட்டுட்டு, உங்க வேலை ஃபோல்டருக்குள்ள இருக்குற பேர் என்னன்னு பாருங்க. கொஞ்சம் விட்டு விட்டு ஓட்டுங்க. ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்தா அதுதான் ஆள்.

ஓலைச்சுவடி:

அக்கா, நீங்க சொன்ன மாதிரியே சிக்கிடுச்சு! லினக்ஸுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓட வைக்கிற விர்ச்சுவல்பாக்ஸ்ல ஒரு பழைய அக்கவுன்டிங் சாஃப்ட்வேருக்காக விண்டோஸ் போட்டு வச்சிருந்தேன். அதோட டிஸ்க் ஃபைல், விடிஐ, 42 ஜிபி. எத்தனை தடவை பாத்தாலும் அதே பேர்தான் வருது.

இன்னும் ரெண்டு விஷயம். ஃபோல்டர் பக்கத்துல "ஹாஷ் போடும்போதே ஃபைல் மாறிடுச்சு"ங்குற அர்த்தத்துல ஒரு எரர் அப்பப்ப வருது. அப்புறம் டெஸ்க்டாப்ல காலி இடம் திடீர்னு நாப்பது ஜிபி குறையுது, பிறகு தானா திரும்பி வருது. இதுவும் அதே கேஸா?

பழைய_அட்மின்:

அதே கேஸ்தான்.

சிங்க்திங் ஃபைலை பிளாக் பிளாக்கா வெட்டி, ஒவ்வொண்ணுக்கும் ஷா-256 ஹாஷ் போட்டு வச்சுக்கும். சின்ன ஃபைலுக்கு 128 கேபி பிளாக். ஃபைல் பெருசாக ஆக பிளாக்கும் பெருசாகும், 16 எம்பி வரைக்கும் போகும். உங்க 42 ஜிபிக்கு அந்த 16 எம்பிதான். மொத்தம் 2,700 பிளாக் கிட்ட வரும். உள்ள ஓடுற விண்டோஸ் சும்மா இருந்தாலும் லாக் எழுதும், அப்டேட் தேடும். ஒரு பைட் மாறினாலும் அந்த 16 எம்பியை மட்டும் அனுப்பினா போதும். ஆனா எந்த பிளாக் மாறிச்சுன்னு அதுக்கு யாரும் சொல்றதில்லை. 2,700-ஐயும் மறுபடி படிச்சாத்தான் தெரியும். படிச்சு முடிக்கிறதுக்குள்ள விண்டோஸ் இன்னும் ரெண்டு வரி எழுதிடும். அதுதான் உங்க எரர். அந்தச் சுற்று வீண், மறுபடி முதல்லேருந்து.

டெஸ்க்டாப்ல இடம் குறையுறது தற்காலிக ஃபைலால. பழைய ஃபைல் மேலேயே நேரா எழுதாது. பக்கத்துல ஒரு புது ஃபைலைத் திறந்து, மாறாத பிளாக்கை பழசுலேருந்து காப்பி பண்ணி, மாறினதை நெட்வொர்க்ல வாங்கி, முழுசா ஆனதும் பேரை மாத்தி பழசு இருந்த இடத்துல வைக்கும். பாதியில கரன்ட் போனாலும் பழைய ஃபைலுக்குச் சேதம் வராது. நல்ல பழக்கம்தான், 42 ஜிபி ஃபைல்லதான் உறுத்துது.

சிபியுவும் இடமும் கூட எனக்குப் பெருசில்லை. ஓடிட்டிருக்குற டிஸ்க் ஃபைலோட காப்பியை நான் நம்பவே மாட்டேன். ஹாஷ் போட்டது ஒரு நிமிஷத்து நிலை, அதுக்குள்ள இருக்குற விண்டோஸோட மெமரியில இன்னும் எழுதாம கிடக்குறது வேற. அந்தக் காப்பியை டெஸ்க்டாப்ல பூட் பண்ணினா, ஓடிட்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கின மெஷின் மாதிரிதான் எழும். அக்கவுன்டிங் டேட்டாவை இப்படி வச்சுக்காதீங்க.

அதனால விடிஐயை சிங்க்லேருந்து எடுத்துடுங்க. ஃபோல்டரை எடிட் பண்ற இடத்துல இக்னோர் பேட்டர்ன்ஸ்னு ஒரு டேப் இருக்கும். அதுல நட்சத்திரக் குறி, புள்ளி, விடிஐ, இப்படி ஒரே வரி. இந்த இக்னோர் லிஸ்ட் ஒரு மெஷின்லேருந்து இன்னொண்ணுக்குப் போகாது, ரெண்டு பக்கமும் நீங்களேதான் எழுதணும். டெஸ்க்டாப்ல ஏற்கெனவே போய்ச் சேர்ந்த 42 ஜிபியும் தானா அழியாது. வேணாம்னா ரெண்டு பக்கமும் இக்னோர் போட்ட பிறகு கையால அழிங்க.

விர்ச்சுவல் மெஷினும் ரெண்டு இடத்துல வேணும்னா, உள்ள இருக்குற அக்கவுன்டிங் சாஃப்ட்வேர்லயே பேக்கப் எடுத்து, அந்த பேக்கப் ஃபைலை மட்டும் வேலை ஃபோல்டர்ல போடுங்க. ஒரு தடவை எழுதினா அப்புறம் மாறாத ஃபைல்தான் சிங்க்குக்கு ஏத்தது.

இன்னொண்ணு. அந்த 8384 பக்கத்தை எந்நேரமும் ஒரு டேப்ல திறந்து வச்சிருக்குற ஆளா நீங்க? மூடிடுங்க, அதுக்கும் கொஞ்சம் சிபியு போகும்.

வரப்பு:

கோட் ஃபோல்டரும் இருக்குன்னு சொன்னதால ஒரு வார்த்தை. லினக்ஸ்ல வாட்சர் ஒவ்வொரு டைரக்டரிக்கும் ஒரு ஐநோட்டிஃபை வாட்ச் (மாற்றத்தைச் சொல்லச் சொல்லி கர்னல்ல பதியுற காவல்) வைக்கும். பழைய கர்னல்ல ஒரு யூசருக்கு 8192-தான் வரம்பு. நோட் மாட்யூல்ஸ் (ஜாவாஸ்கிரிப்ட் புராஜெக்ட்ல இறக்கி வைக்கிற லைப்ரரி ஃபோல்டர்) இருக்குற ரெண்டு மூணு புராஜெக்ட் போதும், தாண்டிடும். கர்னல் 5.11-லேருந்து ராமைப் பொறுத்து தானா கூட்டிக்கும். வாட்சர் எரர் வந்தா வரம்பைக் கூட்டுறதுக்கு முன்னாடி நோட் மாட்யூல்ஸையே இக்னோர்ல போடுங்க. எப்படியும் திரும்ப இன்ஸ்டால் பண்ணிக்கிற சமாச்சாரம் அது.

ஓலைச்சுவடி:

ரெண்டு பக்கமும் எழுதியாச்சு. ஃபேன் அடங்கிடுச்சு. நோட் மாட்யூல்ஸையும் போட்டுட்டேன். ரொம்ப நன்றி அக்கா, வரப்பு.

மழைக்குருவி:

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். என் சிங்க் ஃபோல்டர் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல இருக்கு. டிஸ்க்கைக் கழட்டினா "எல்லா ஃபைலும் அழிஞ்சுடுச்சு"ன்னு நினைச்சு மத்த மெஷின்லயும் அழிச்சுடாதா?

பழைய_அட்மின்:

அழிக்காது. ஒவ்வொரு சிங்க் ஃபோல்டருக்குள்ளயும் புள்ளியில ஆரம்பிக்கிற ஒரு மறைவான ஃபோல்டர் இருக்கும், எஸ்டிஃபோல்டர்னு பேர். அதுதான் அடையாளம். அது கண்ணுக்குப் படலைன்னா சிங்க்திங் எரர் காட்டிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே நிறுத்திடும், யார்கிட்டயும் எதுவும் சொல்லாது.

வினை எங்க வரும்னா, டிஸ்க் மவுன்ட் ஆகலைன்னு, அதாவது சிஸ்டத்தோட இணையலைன்னு தெரியாம, எரரைப் போக்குறேன்னு காலியா இருக்குற மவுன்ட் பாயின்ட்ல (டிஸ்க் வந்து இணையுற ஃபோல்டர்ல) அந்த எஸ்டிஃபோல்டரைத் தானே உருவாக்குவாங்க பாருங்க, அப்பத்தான். அடையாளம் இருக்கு, உள்ள ஃபைல் ஒண்ணு கூட இல்லைன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான்: நீங்களே எல்லாத்தையும் அழிச்சுட்டீங்க. அந்தச் செய்தி ஒழுங்கா எல்லா மெஷினுக்கும் போகும். எரர் வந்தா முதல்ல டிஸ்க் மவுன்ட் ஆகியிருக்கான்னு பாருங்க.

மத்த மெஷின்கள்ல ஃபைல் வெர்ஷனிங்கை ஆன் பண்ணி வைங்க. வெளியிலேருந்து வர்ற அழிப்பையும் மாத்தத்தையும் மட்டும்தான் அது காப்பி எடுத்து வைக்கும். அதே மெஷின்ல நீங்க கையால அழிச்சதுக்கு அங்க காப்பி இருக்காது.