இது என்ன பாம்புனு யாராச்சும் சொல்லுங்களேன், பிரிஸ்பேன்
மக்களே அவசரம். காலைல லாண்டரி கதவைத் திறந்தா வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி ஒரு குட்டிப் பாம்பு, பென்சில் தடிமன்தான், ஒரு அடி இருக்கும், உடம்பு பழுப்பு, உச்சந்தலைல கருப்பா ஒரு திட்டு, பிடரில இன்னொரு கருப்புப் பட்டை. வீட்டுக்காரர் கார்பெட் பைத்தான் (விஷமில்லாத மலைப்பாம்பு வகை) குட்டினு சாதிக்கிறார், போன வருஷம் எங்க கூரைல ஒரு கார்பெட் பைத்தான் இருந்துச்சே, அதுக்கு உடம்பு பூரா கோலம் போட்ட மாதிரி இருந்துச்சு, இதுல அப்படி ஒண்ணும் இல்ல. எனக்கென்னவோ ஈஸ்டர்ன் பிரவுன்ங்கிற கடும் விஷப் பாம்போட குட்டியோனு பயம், சின்னதுல அதுக்கும் தலை இப்படி கருப்பா இருக்கும், குட்டின்னாலும் விஷம் விஷம்தான். கதவை மூடி அடியில ஈரத்துண்டு அடைச்சிருக்கேன். அடிச்சிருங்கனு மட்டும் சொல்லாதீங்க, இங்க அது சட்டப்படி தப்பு. போட்டோ ஜன்னல் வழியா எடுத்தது, மங்கலாதான் இருக்கும். லைசென்ஸ் உள்ள பாம்பு பிடிக்கிறவர் யாராச்சும் தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க ப்ளீஸ்.