எக்லோகைட் என்று லேபிள், ஓம்ஃபசைட்டைக் காணோம்! உதவி தேவை

அரைவேக்காடு:
எம்.எஸ்சி. ஜியாலஜி இரண்டாம் ஆண்டு. லடாக்கின் சோ மொராரி பகுதிப் பாறையின் தின் செக்‌ஷன் (மைக்ராஸ்கோப்பில் பார்க்க மெல்லிசாகத் தேய்த்த பாறைத் துண்டு) ஒன்று கையில் இருக்கிறது. லேபிளில் எக்லோகைட் என்று போட்டிருக்கிறது, அதாவது ஆழத்தில் அதிக அழுத்தத்தில் உருவாகும் பாறை; சிவப்புக் கார்னெட்டும் பச்சை ஓம்ஃபசைட்டும் (சோடியம் உள்ள பைராக்சீன் கனிமம்) அதில் இருக்க வேண்டும். கார்னெட் அழகாகத் தெரிகிறது. ஆனால் ஓம்ஃபசைட் இருக்க வேண்டிய இடத்தில் கைரேகை மாதிரி பின்னிக்கொண்டு ஏதோ கிடக்கிறது. ஃபோகஸை எவ்வளவு திருகினாலும் தெளிய மாட்டேன் என்கிறது. கார்னெட்டைச் சுற்றிப் பச்சை வளையம் வேறு. ஸ்லைடு தேய்த்தவர் கெடுத்துவிட்டாரா, லேபிள் மாறிவிட்டதா? வெள்ளிக்கிழமை ரெக்கார்டு வைக்க வேண்டும்.

கல்லுளிமங்கன்:
தம்பி, ஸ்லைடு மேல் பழி போடாதீர்கள். அந்தக் கைரேகைதான் சிம்ப்ளெக்டைட். பாறை மேலே ஏற ஏற அழுத்தம் குறையும். ஓம்ஃபசைட்டால் தன் சோடியத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது. அது பிரிந்துபோய் சோடியம் மிகுந்த பிளாஜியோகிளேஸ் என்ற ஃபெல்ட்ஸ்பார் ஆகிவிடும். மிஞ்சுவது டயாப்சைடு பக்கம் சாய்ந்த பைராக்சீன். தனித்தனி மணிகளாக வளர நேரமில்லாமல் இரண்டும் புழுப்புழுவாகப் பின்னிக்கொள்கின்றன. ஸ்லைடின் 0.03 மி.மீ. தடிமனுக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்று கிடந்தால் ஃபோகஸ் எங்கே ஆகும்?

பச்சை வளையத்துக்கு மைக்ராஸ்கோப்பின் ஸ்டேஜைத் திருப்புங்கள். நிறம் நன்றாக மாறினால் ஆம்ஃபிபோல், தண்ணீர் சேர்ந்த கனிமம்.

அரைவேக்காடு:
மாறுகிறது அண்ணா! ஆனால் அழுத்தம் குறைந்தால் எல்லாமே மாறியிருக்க வேண்டுமே? கார்னெட் மட்டும் எப்படித் தப்பியது?

பனிமலைக்காரி:
சோ மொராரியில் பட்டை பட்டையான நைஸ் (gneiss) பாறைக்குள் எக்லோகைட் கட்டி கட்டியாகத்தான் கிடக்கும். ஒரே கட்டியில் நடுவில் சிவப்பும் பச்சையுமாகப் பளிச்சென்று இருக்கும். விளிம்புக்கு வந்தால் ஆம்ஃபிபோல் நிறைந்த கருத்த ஆம்ஃபிபோலைட் பாறை. இரண்டும் சேர்ந்துதான் மேலே வந்தன, அழுத்தமும் ஒன்றாகத்தான் குறைந்தது. வித்தியாசம் தண்ணீர். ஆம்ஃபிபோல் உருவாக அது வேண்டும். வெளியிலிருந்து நுழைந்தது நடுவரை போய்ச் சேரவில்லை. உங்கள் சாம்பிள் விளிம்போரம் உடைத்ததாக இருக்கும்.

கார்னெட்டுக்குள் அணுக்கள் நகர்வதே ஆமை வேகம். அதனால் அது ஒரு பெட்டகம். அந்தப் பகுதிக் கார்னெட்டுக்குள் கோயசைட்டே கிடைத்திருக்கிறது, அதாவது சுமார் 90 கி.மீ.க்கும் கீழே போய்விட்டு வந்த சிலிக்கா. மேலே வரும்போது அது குவார்ட்ஸாகி சுமார் 10% உப்பும். சுற்றியுள்ள கார்னெட்டில் நட்சத்திரம் போல விரிசல் விழும். நீங்களும் ஓம்ஃபசைட்டைக் கார்னெட்டுக்குள் தேடுங்கள்.

அரைவேக்காடு:
மூன்றாவது கார்னெட்டில் மாட்டியது! வெளிர்பச்சையில் குட்டி ஓம்ஃபசைட் மணி, கைரேகை துளியும் இல்லை. விரிசல் ஓடிய மற்ற இரண்டில் உள்ளே இருந்ததும் புழுவாகிவிட்டது. ரெக்கார்டில் என்ன பெயர் எழுத?

கல்லுளிமங்கன்:
பின்மாற்றமடைந்த (retrogressed) எக்லோகைட், அதாவது மேலே வரும்போது ஓரளவு மாறிப்போனது. அப்புறம், செம்பழுப்பு ரூட்டைலைச் சுற்றி டைட்டனைட் விளிம்பு (இரண்டும் டைட்டானியம் கனிமங்கள்) இருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் பின்மாற்றத்தின் அடையாளம். இருந்தால் படத்தில் வரையுங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.